அபுதாபி டிஸ்னிலாந்து: முதல் போடுவது யார், வருமானம் யாருக்கு?

கிள்ளான்காரன்:

2025 மே 7 அன்று டிஸ்னி ஓர் அறிவிப்பு விட்டது. அபுதாபியின் யாஸ் தீவில் அதன் ஏழாவது பூங்கா வளாகம் வரப்போகிறது. கோட்டையின் படத்தைப் பார்த்து எல்லாரும் மகிழ்ந்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அறிவிப்பின் நடுவில் இருந்த விஷயம். கட்டும் செலவும் நடத்தும் பொறுப்பும் முழுக்க மிரால் என்ற அபுதாபி நிறுவனத்துடையது. டிஸ்னி கைக்காசு எதுவும் போடவில்லை. அதன் ஆட்கள் வடிவமைப்பை முன்னின்று செய்வார்கள், மேற்பார்வை பார்ப்பார்கள். அதற்கு ராயல்டியும் (பெயரைப் பயன்படுத்தவிடுவதற்கான பங்குத்தொகை) கட்டணமும் வாங்கிக்கொள்வார்கள்.

இந்த ராயல்டி வருமானத்தின் மேல் கணக்கிடப்படுகிறது, லாபத்தின் மேல் அல்ல. பூங்கா நஷ்டத்தில் ஓடினாலும் டிக்கெட் விற்ற காசில் டிஸ்னியின் பங்கு போய்விடும். சம்பளம், மின்கட்டணம், வங்கி வட்டி எல்லாம் மீதியில்தான்.

அபுதாபியிடம் எண்ணெய்ப் பணம் இருக்கிறது, தாங்கும். அதே மாதிரி ஒப்பந்தத்தை ஒரு சாதாரண மாநில அரசோ நகராட்சியோ போட்டால் நஷ்டம் யார் தலையில் விடியும்? வெளிநாட்டுப் பூங்கா நிறுவனங்களுக்காக மக்கள் பணத்தையும் பொது நிலத்தையும் கொடுக்கக்கூடாது என்பது என் கட்சி. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டோக்கியோ தமிழன்:

அண்ணே, நீங்கள் குறை சொல்லும் இதே ஒப்பந்த முறையில்தான் டோக்கியோ டிஸ்னிலாந்து 1983 ஏப்ரல் 15-இல் திறந்தது. கட்டியதும் இன்றுவரை நடத்துவதும் ஓரியண்டல் லேண்ட். கெய்செய் ரயில் நிறுவனமும் மிட்சுய் ஃபுடோசானும் பெரும் பங்கு வைத்திருக்கும் ஜப்பானியக் கம்பெனி. டிஸ்னிக்கு டிக்கெட் வருமானத்தில் 10 சதவீதம், சாப்பாட்டிலும் பொருள் விற்பனையிலும் 5 சதவீதம் என்று ராயல்டி.

அந்த ஒப்பந்தத்தில் வருத்தப்பட்டது யார் தெரியுமா? டிஸ்னிதான். கூட்டம் அலைமோதிய பிறகு, சொந்தமாக முதல் போடாமல் விட்டோமே என்ற ஆதங்கம் அவர்களுக்கு. அதனால்தான் அடுத்து பாரிஸுக்குப் போனபோது பங்கு எடுத்தார்கள்.

லாபம் ஜப்பானிலேயே தங்கியது, அதைத் திரும்பப் பூங்காவிலேயே போட்டார்கள். 2001-இல் டிஸ்னிசீ என்ற இரண்டாவது பூங்கா வந்தது. 2024 ஜூனில் ஃபேண்டசி ஸ்பிரிங்ஸ் என்ற புதிய பகுதி, செலவு 32,000 கோடி யென். பூங்கா இருக்கும் உராயாசுவிலேயே உட்கார்ந்திருக்கும் உரிமையாளர் எடுத்த முடிவு அது. கட்டுப்பாடு நம் கையில் இருக்கிறதென்றால் ராயல்டி கொடுப்பது நியாயமான விலை.

கிள்ளான்காரன்:

தம்பி, டோக்கியோவில் முதல் போட்டது தனியார். தோற்றிருந்தால் பங்குதாரர்களுக்கு அடி, அவ்வளவுதான். நான் கேட்பது பொதுப் பணத்தைப் பற்றி. இன்னொன்றும் சொல்கிறேன். அந்த வட்டாரத்தில் வாங்கும் சக்தியுள்ள கோடிக்கணக்கான மக்கள் ரயில் ஏறி வரும் தூரத்தில் இருக்கிறார்கள். அப்படி எத்தனை ஊர் உலகத்தில் உண்டு?

லாசப்பல் வாசகன்:

பாரிஸ் கதையை நான் சொல்கிறேன், அதில் இரண்டு பேருக்கும் பதில் இருக்கிறது.

1987 மார்ச்சில் சீராக் பிரதமராக இருந்தபோது கையெழுத்தானது. ஏறத்தாழ 2,000 ஹெக்டேர் நிலம், பாரிஸ் நகரத்தின் ஐந்தில் ஒரு பங்கு அளவு, விவசாய நில விலையில் ஏற்பாடானது. ஆர்இஆர் ஏ என்ற புறநகர் ரயில் பாதையை அரசு பூங்கா வாசல் வரை நீட்டியது. குறைந்த வட்டிக் கடனும் கிடைத்தது. டிஸ்னி 49 சதவீதம் வைத்துக்கொண்டது, மீதி பங்குச் சந்தையில் சனத்திடம் போனது.

1992 ஏப்ரல் 12-இல் திறந்தார்கள். பிரெஞ்சுக்காரரின் சாப்பாட்டு மேசையில் வைன் இல்லை! குடும்பப் பூங்காவில் மது கூடாது என்று அமெரிக்காவில் வைத்திருந்த விதியை அப்படியே கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே அதைத் தளர்த்த வேண்டி வந்தது. ஐரோப்பியர் காலையில் பெரிதாகச் சாப்பிடமாட்டார்கள் என்று நினைத்து ஓட்டல்களில் காலைச் சாப்பாட்டு இடத்தைச் சின்னதாகக் கட்டினார்கள். சனம் வரிசையில் நின்றது. இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் கடன். எல்லா ஓட்டலையும் ஒரேயடியாகக் கட்டினார்கள், அந்த நேரம் ஐரோப்பாவில் பொருளாதார மந்தம், வட்டியோ உச்சத்தில். 1993 நிதியாண்டில் நஷ்டம் 530 கோடி பிராங்க்.

1994-இல் வங்கிகள் வட்டியை விட்டுக்கொடுத்தன, டிஸ்னியும் சில வருடங்களுக்கு ராயல்டியை விட்டுக்கொடுத்தது, சவூதி இளவரசர் அல்வலீத் பங்கு வாங்கினார். அப்படித்தான் பூங்கா பிழைத்தது.

ஆனால் கிள்ளான் அண்ணா, இன்றைக்கு அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். பீட்ரூட் வயலாக இருந்த பக்கத்தில் வால் தெரோப் என்ற நகரமே எழும்பி நிற்கிறது. டிஜிவி அதிவேக ரயில் நிற்கிறது. பூங்காவில் 15,000-க்கு மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். பாதையைப் போட்டது அரசு, அந்தப் பாதையில் தினமும் வேலைக்குப் போய் வருவது இங்கத்தைய சனம். டிஸ்னி நாளைக்கே போனாலும் ரயில் பாதையைச் சுருட்டிக்கொண்டு போக முடியாது.

கிள்ளான்காரன்:

நகரம் வளர்ந்ததை ஒத்துக்கொள்கிறேன். பங்கு வாங்கிய சனத்தைப் பற்றியும் சொல்லுங்கள். 1989-இல் ஒரு பங்கு 72 பிராங்குக்கு விற்றார்கள், யூரோவில் சுமார் 11. 2017-இல் டிஸ்னி மீதிப் பங்குகளை வாங்கிக்கொண்டபோது கொடுத்தது பங்குக்கு 2 யூரோ. பிள்ளைகள் பேரில் ஆசையாக வாங்கி வைத்த சாதாரணக் குடும்பங்களின் காசு அது. கடைசியில் பூங்கா முழுக்க டிஸ்னி கைக்குப் போயிற்று.

செங்காங் தோழி:

சிங்கப்பூரை ஏன் யாரும் பேசவில்லை? செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 2010-இல் இயங்கத் தொடங்கியது. முதல் முழுக்க கேசினோ நடத்தும் கெந்திங் நிறுவனத்துடையது, யுனிவர்சலிடம் வாங்கியது உரிமம். அரசாங்கம் பூங்காவுக்குப் பங்கு போடவில்லை. சூதாட்ட உரிமத்தைக் கொடுத்து, "அதில் சம்பாதிக்க வேண்டுமென்றால் ஊருக்குப் பயணிகளை இழுக்கும் பெரிய பூங்காவும் கட்டு" என்றது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கேசினோவுக்குள் போக முதலில் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம் வைத்தது, 2019-இல் அதை 150 ஆக்கியது. 2025 பிப்ரவரியில் மினியன் பகுதியும் திறந்தாயிற்று. அரசு பேரம் பேசத் தெரிந்ததாக இருந்தால் பொதுப் பணம் போகவே வேண்டியதில்லை.

டோக்கியோ தமிழன்:

அக்கா, சூதாட்டத்தில் வரும் காசைக் கொண்டு பூங்கா நடத்துவதை நல்ல உதாரணமாக என்னால் ஏற்க முடியாது. கேசினோவில் தோற்பவனும் பொதுமக்களில் ஒருவன்தானே?

செங்காங் தோழி:

அந்தக் கவலை எனக்கும் உண்டு, நுழைவுக் கட்டணம் வைத்ததே அதற்குத்தான். நான் சொல்ல வந்தது ஒப்பந்தத்தில் யார் எதைச் சுமக்கிறார்கள் என்பதை.

கிள்ளான்காரன்:

கெந்திங் என்றதும் எங்கள் மலைமேல் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மலேசியாவின் கெந்திங் மலையில், ஃபாக்ஸ் என்ற அமெரிக்க சினிமா நிறுவனத்தின் பெயரில் உலகத்தின் முதல் பூங்கா வருவதாக இருந்தது. கோடிக்கணக்கில் வெள்ளியைப் போட்டு ராட்டினங்கள் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், 2018-இல், ஃபாக்ஸ் ஒப்பந்தத்தை முறித்தது. அப்போது ஃபாக்ஸை டிஸ்னி வாங்கிக்கொண்டிருந்தது. கேசினோ இருக்கும் இடத்தோடு டிஸ்னி தன் பெயரைச் சேர்க்க விரும்பவில்லை என்று கெந்திங் குற்றம்சாட்டி 100 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. 2019-இல் சமரசமானது. 2022 பிப்ரவரியில் பூங்கா கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற பெயரில் திறந்தது.

கெந்திங் பெரிய முதலாளி, தாங்கினார்கள். ஈப்போவில் பேராக் மாநில நிறுவனத்தின் பணத்தில் கட்டிய அனிமேஷன் பூங்கா தாங்கவில்லை. கார்ட்டூன் பட நிறுவனமான டிரீம்வொர்க்ஸின் பகுதியை வைத்தால் கூட்டம் வரும் என்று பெரிதாகப் பேசினார்கள். 2017 ஜூனில் திறந்தது, 2020 ஜனவரியில் மூடியது. கொரோனா முடக்கம் வருவதற்கு முன்பே மூடியாயிற்று என்பதைக் கவனியுங்கள்.

கோஸ்டர் மெக்கானிக்:

இதுவரை யாரும் உள்ளே நடக்கும் வேலையைப் பற்றிப் பேசவில்லை. வளைகுடாவில் ஒரு பூங்காவில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன்.

காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும் பூங்காவில் எங்கள் வேலை விடியுமுன் தொடங்கிவிடும். ரோலர் கோஸ்டர் தடத்தை ஒட்டிய படிகளில் ஏறி போல்ட்டையும் வெல்டிங்கையும் டார்ச் அடித்துப் பார்ப்போம். ஒவ்வொரு இருக்கையிலும் மடியை அழுத்தும் கம்பியைப் பூட்டி, இரண்டு கையாலும் மேலே இழுத்துப் பார்ப்போம். சக்கரத்தின் மேலுறை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளப்போம். வண்டியை ஆளில்லாமல் பலமுறை ஓட்டுவோம். தாளில் கையெழுத்து விழாமல் ஒருவரையும் ஏற்றமாட்டோம்.

உலகம் முழுக்கப் பூங்கா நடத்தும் நிறுவனம் கொண்டுவருவது வெறும் பொம்மையும் பெயரும் மட்டும் அல்ல, இந்த ஒழுங்கும் சேர்ந்துதான். எந்தப் பாகத்தை எத்தனை மணி ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மணிக்கு எத்தனை பேரை ஏற்ற வேண்டும், எந்தக் காற்று வேகத்தில் நிறுத்த வேண்டும் என்று எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள், வந்து தணிக்கையும் செய்வார்கள். ராட்டினத்தை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். ஷாங்காய் டிஸ்னியின் ட்ரான் கோஸ்டரைச் செய்தது நெதர்லாந்தின் வெகோமா கம்பெனி. அதைப் பல வருடம் பத்திரமாக ஓட்டும் பழக்கம்தான் விலை மதிப்புள்ளது. நம் பையன்கள் இங்கே கற்றுக்கொள்வதை நேரில் பார்க்கிறேன்.

ஆனால் ஒன்று, உதிரி பாகத்துக்கான காசு உரிமையாளருடையது. கூட்டம் குறைந்தால் அவர் முதலில் கைவைப்பது அதில்தான். பெயர் கொடுத்தவர் அறிக்கை எழுதலாம், காசோலை எழுதமாட்டார்.

கிள்ளான்காரன்:

உங்கள் கடைசி வரிதான் என் வாதம், சகோதரரே.

பொதுப் பணம் என்றால் என்ன ஆகும் என்பதற்கு தென்கொரியாவைப் பாருங்கள். சுன்சொன் நகரில் ஓர் ஆற்றுத் தீவில், லெகோ பொம்மைகளின் பூங்காவான லெகோலாந்து 2022 மே 5-இல் திறந்தது. தோண்டும்போது வெண்கலக் கால எச்சங்கள் கிடைத்து அது தனிச் சர்ச்சையானது. நிலத்தைத் தயார்செய்ய கங்வொன் மாகாணம் ஒரு நிறுவனத்தை உருவாக்கி, அது வாங்கிய கடனுக்கு ஜாமீனும் நின்றது. அதே வருடம் செப்டம்பர் கடைசியில் புதிய ஆளுநர் அந்த நிறுவனத்தை நீதிமன்ற மறுசீரமைப்புக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். 20,500 கோடி வொன் கடன் பத்திரம் தவணை தவறியது. மாகாண அரசின் ஜாமீனே செல்லாது என்றால் யாரை நம்புவது என்று நாடு முழுக்கக் கடன் பத்திரச் சந்தை உறைந்துபோனது. பூங்காவுக்குத் துளியும் தொடர்பில்லாத கம்பெனிகளுக்குக் கடன் கிடைக்கவில்லை. அக்டோபரில் கொரிய அரசு 50 லட்சம் கோடி வொன்னுக்கு மேல் உதவித் திட்டம் அறிவித்துத்தான் நிலைமை அடங்கியது. ஒரு குழந்தைகள் பூங்காவின் கடன் செய்த வேலை இது.

டோக்கியோ தமிழன்:

அங்கே சந்தையை உலுக்கியது ஆளுநரின் அறிவிப்பு. முந்தையவர் போட்ட ஒப்பந்தத்தை அரசியலுக்காக உதறப் பார்த்தார். கடைசியில் அந்த டிசம்பரிலேயே மாகாணம் பணத்தைக் கட்டியது. முதலிலேயே கட்டியிருந்தால் செய்தியே இல்லை.

கிள்ளான்காரன்:

கட்டிய பணம் யாருடையது? கங்வொன் மக்களுடையது. அரசியல்வாதி மாறுவார் என்பது ஜாமீன் போடும்போதே தெரிந்த விஷயம்தானே?

செங்காங் தோழி:

ஹாங்காங் டிஸ்னிலாந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2005 செப்டம்பரில் திறந்தபோது அரசுக்கு 57 சதவீதம், டிஸ்னிக்கு 43. பூங்காவின் வாசலை ஃபெங் ஷுயி என்ற சீன வாஸ்து பார்த்து 12 டிகிரி திருப்பி வைத்தார்கள், திருமண விருந்தில் சுறாத் துடுப்பு சூப் வேண்டாம் என்று எதிர்ப்பு வந்ததும் எடுத்தார்கள். இருந்தும் 2006 சீனப் புத்தாண்டில் டிக்கெட் வைத்திருந்த குடும்பங்களையே வாசலில் நிறுத்திக் கதவை மூட வேண்டி வந்தது. நஷ்டக் கணக்கு எழுதிய வருடங்களிலும் டிஸ்னிக்கு ராயல்டியும் நிர்வாகக் கட்டணமும் சேர்ந்ததைச் சட்டமன்றத்தில் கேட்டார்கள். ஆனால் ஃப்ரோசன் படத்தின் பகுதி வந்த பிறகு 2024 நிதியாண்டில் 83.8 கோடி ஹாங்காங் டாலர் லாபம். பாதிக்கு மேல் பங்கு ஊருடையது என்பதால் மதிப்பும் ஊருக்கே ஏறுகிறது. 20 வருடம் பொறுக்க முடிந்த அரசு அது.

ஷாங்காய் டிஸ்னியில் நடந்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரக்கூடாது என்ற விதியை எதிர்த்து 2019-இல் ஒரு சட்டக் கல்லூரி மாணவி வழக்குப் போட்டார். பையில் இருந்ததோ 50 யுவான் கூடப் பெறாத நொறுக்குத் தீனி. பூங்கா 50 யுவான் கொடுத்து சமரசம் செய்தது, அதற்கு முன்பே விதியையும் மாற்றியது. எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் உள்ளூர்ச் சட்டத்துக்குக் கீழேதான் என்று ஊர் காட்ட முடியும். நம் வீட்டுப் புளிச்சோற்றுக்கும் அதே உரிமை வேண்டும்!

லாசப்பல் வாசகன்:

இப்போது இங்கிலாந்து செய்வதைப் பாருங்கள். பெட்ஃபர்டில் பழைய செங்கல் சூளை நிலத்தை யுனிவர்சல் தானே வாங்கியிருக்கிறது. பூங்காவையும் தன் பணத்தில் கட்டும், 2031-இல் திறப்பதாகத் திட்டம். அரசு காசு போடுவது சாலைக்கும் ரயிலுக்கும். கிள்ளான் அண்ணா, இதை ஒத்துக்கொள்வீர்களா?

கிள்ளான்காரன்:

கண்டிப்பாக. பூங்கா தோற்றால் யுனிவர்சலுக்கு நஷ்டம், ஊருக்குச் சாலை மிச்சம். அரசு பொதுப் பணம் போட வேண்டிய எல்லை அதுதான்.

டோக்கியோ தமிழன்:

அங்கேதான் நான் உடன்படவில்லை. பூங்கா ஜெயித்தால் லாபம் முழுக்க அமெரிக்காவுக்குப் போகும். ஒசாகாவில் கண்ணால் கண்டோம். 2001-இல் யுனிவர்சல் ஜப்பான் திறந்தபோது நகரமும் ஜப்பானிய முதலீட்டாளர்களும் பங்கு வைத்திருந்தார்கள். கூட்டம் சேர்ந்த பிறகு யுனிவர்சலின் தாய் நிறுவனமான காம்காஸ்ட் 2015-இல் 51 சதவீதத்தையும் 2017-இல் மீதியையும் வாங்கிக்கொண்டது. இன்று ஒசாகாவில் எதைக் கட்டலாம் என்ற முடிவு காம்காஸ்ட் தலைமையகம் இருக்கும் பிலடெல்ஃபியாவில் ஆகிறது. உராயாசுவில் அப்படி இல்லை.

கிள்ளான்காரன்:

தனியார் முதலாளி ஓரியண்டல் லேண்ட் மாதிரி துணிந்தால் துணியட்டும், கைதட்டுவேன். என் எதிர்ப்பு ஜாமீன் கையெழுத்துக்கு மட்டும். அரசு ஜாமீன் கேட்டு வரும் எந்த நிறுவனத்திடமும் முதலில் ஒன்றைக் கேட்க வேண்டும்: நஷ்ட வருடத்தில் உன் ராயல்டியை நிறுத்தி வைப்பாயா? பாரிஸில் வங்கிகள் நெருக்கிய பிறகு டிஸ்னி அதற்கு இறங்கி வந்தது. அதையே முதல் நாள் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கோஸ்டர் மெக்கானிக்:

அதோடு பராமரிப்புக்கான தொகையைத் தனிக் கணக்கில் வைக்கவும் எழுதச் சொல்லுங்கள். கூட்டம் குறைந்தாலும் யாரும் அதைத் தொடக்கூடாது.