'போர்ட் சைட்': வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தாளில் என்ன சொல் போடுவது?

மடல் 1 (தாளைத் தொகுப்பவர்)

அனைவருக்கும் வணக்கம்.

லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்தவர்களுக்கு டிஸ்சார்ஜ் அன்று கொடுக்கும் தாளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அறுவைக்கு 'நுண்துளை அறுவை' என்ற பெயர் செய்தித்தாள் வரைக்கும் பழகிவிட்டது, அதில் கேள்வி இல்லை. கருவிகளை உள்ளே விட வயிற்றில் துளை போட்ட இடத்தைச் சொல்லும் 'போர்ட் சைட்'டுக்குத்தான் தமிழ்ச் சொல் பிடிபடவில்லை. நனைக்கலாமா, மேலே ஒட்டிய பிளாஸ்திரிப் பட்டையை எப்போது எடுப்பது, எதைக் கண்டால் ஓடிவர வேண்டும் என்று தாள் முழுக்க அந்தச் சொல்லைச் சுற்றியே போகிறது.

வார்டில் 'தையல் போட்ட இடம்' என்கிறார்கள். பாதிப் பேருக்கு வெளியே தையலே தெரியாது. சிலருக்குப் பசை, சிலருக்குக் கரையும் நூல் தோலுக்கு அடியில், இன்னும் சிலருக்கு உலோகப் பின் (ஸ்டேபிள்). தையல் எங்கே, எப்போது பிரிப்பீர்கள் என்று தேடிக்கொண்டு வருகிறார்கள். 'ஆபரேஷன் புண்' என்றால் ஆறாத புண் போல ஒலிக்கிறது. 'துளைவாய்' போடலாம் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து?

மடல் 2 (அறுவை மருத்துவர்)

ஐயா, பெயருக்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம்.

இந்த அறுவைக்கு வழக்கமாக 4 துளைகள். தொப்புளை ஒட்டி ஒன்று, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று. இரண்டும் பெரும்பாலும் 10 மி.மீ. வலது விலாவுக்குக் கீழே இருக்கும் மற்ற இரண்டும் 5 மி.மீ. ட்ரோகார் என்ற குழாய் ஒவ்வொன்றிலும் தோல், கொழுப்பு, தசையின் மேலுள்ள கெட்டியான படலம், வயிற்றின் உள்ளுறை என்று அத்தனையையும் கடந்துதான் உள்ளே போகிறது. வேலை முடிந்ததும் பெரிய துளையில், முக்கியமாகத் தொப்புளில், அந்தக் கெட்டிப் படலத்தைத் தனியாகத் தைத்துவிட்டுத்தான் தோலை மூடுகிறோம். 5 மி.மீ. துளைகளுக்குப் பொதுவாகத் தோலை மூடினால் போதும்.

தோல் சில நாளில் ஒட்டிவிடும். படலம் பழைய உறுதிக்கு வர வாரக்கணக்கில் ஆகும். நோயாளி கண்ணுக்குத் தெரிவது தோல் மட்டுமே. 'சின்ன ஓட்டைதானே, காய்ந்துவிட்டதே' என்று பத்தாம் நாள் சிலிண்டரை நகர்த்துகிறார். வீட்டு சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் 30 கிலோவை நெருங்கும். தண்ணீர் கேன் 20 கிலோ. இடுப்பில் நிறைகுடம் வைத்தால் 12 கிலோவுக்குக் குறையாது. உள்தையல் விட்டுக்கொடுத்தால் அந்த வழியாகக் குடலோ கொழுப்போ பிதுங்கும்.

ஆகவே தோலில் தெரியும் புள்ளியை மட்டும் சொல்லும் பெயர் எனக்குப் போதாது. உள்ளே ஆழம் இருக்கிறது என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

மடல் 3 (அறுவை வார்டு செவிலியர்)

'துளைவாய்' வேண்டாம் ஐயா. வாய் என்றாலே திறந்திருக்கிறது என்று பொருள்படும். திறந்திருப்பதாக நினைத்தால் வீட்டில் அதற்குள் எதையாவது போடுவார்கள். மஞ்சள், விபூதி, காப்பித்தூள், தேங்காயெண்ணெய், கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் பவுடர் எல்லாம் தொப்புளுக்குள் போய்க் கட்டியாகி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாலு துளையில் அதிகம் கெடுவது தொப்புள்தான். குழிவான இடம், வியர்வை தங்கும், பல சமயம் பித்தப்பையை வெளியே இழுப்பதும் அந்த வழியாகத்தான்.

பசை போட்டிருந்தால் எண்ணெயும் களிம்பும் பசையையே இளக்கிவிடும். அது 5 முதல் 10 நாளில் தானாக உரியும். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் கத்தரியால் நறுக்கலாம், பிய்க்கக் கூடாது.

குளியல் பற்றித் தாளில் 'ஷவர்' என்று இருக்கிறது. நம் வீடுகளில் வாளியும் மக்கும். 48 மணி நேரம் கழித்து, தோளிலிருந்து ஊற்றி, சோப்புத் தண்ணீர் வயிற்றின் மேல் வழிந்து போகும்படி குளிக்கலாம் என்று எழுதுங்கள். நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. துவைத்துக் காயவைத்த துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். தொப்புளுக்கு மெல்லிய பருத்தித் துணியின் முனையை நுழைத்து ஈரத்தை உறிஞ்ச விட்டால் போதும். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்க் குளியல், குளம், ஆறு, கடல் எல்லாம் 2 வாரத்துக்குப் பிறகு, அதுவும் நாலும் முழுக்க மூடியிருந்தால்.

ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அரைஞாண் கயிறு, பாவாடை நாடா, வேட்டி முடிச்சு, புடவைக் கொசுவம் எல்லாமே சரியாகத் தொப்புள் மட்டத்தில்தான் உட்காருகின்றன. நாள் முழுக்க உரசி, பட்டையின் ஓரம் சுருண்டு, உள்ளே வியர்வை இறங்கும். நாடாவைத் தொப்புளுக்கு நன்றாகக் கீழே தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். இரண்டு வாரம் நைட்டி உடுத்துவது இன்னும் நல்லது.

மடல் 4 (தமிழாசிரியர்)

முதலில் 'புழை' என்று சொல்ல நினைத்தேன். துளை, உள்ளீடற்ற வழி இரண்டையும் அது குறிக்கும். புழைக்கை, புழைக்கடை என்று வழக்கிலும் உண்டு. ஆனால் மருத்துவத் தமிழில் 'புணர்புழை' என்று அது வேறு உறுப்புக்குப் போய்விட்டது. வயிற்று அறுவைத் தாளில், அதுவும் பெண்கள் படிக்கும் தாளில், குழப்பம் வரும்.

டாக்டர் ஆழம் கேட்கிறார், சிஸ்டர் மூடியிருப்பது தெரிய வேண்டும் என்கிறார். 'துளைத்தடம்' சரிவருமா? தடம் என்பது போன வழி. போன பிறகு விட்டுச்சென்ற அடையாளமும் தடம்தான். குழாய் போய்வந்த பாதைக்கும் தோலில் மிஞ்சிய குறிக்கும் இது ஒன்றே போதும்.

மடல் 5 (அறுவை மருத்துவர்)

பொருந்துகிறது. கலைச்சொல் தனியாக நின்றால் போதாது, அடுத்த சொல்லோடு சேர வேண்டும் என்பதால் இரண்டு தொடர்களில் வைத்துப் பார்த்தேன்.

துளைத்தடக் குடலிறக்கம், அதாவது தடத்தின் வழியாகக் குடலோ கொழுப்போ பிதுங்குவது. இருமினால் புடைக்கும், படுத்தால் அமுங்கும். அமுங்காமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். இதைத் தழும்புக்குக் கீழே முதல் சில வாரம் தட்டுப்படும் கெட்டியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தக் கெட்டி இருமினாலும் மாறாது, நாளாக நாளாக இளகும். தொப்புளைச் சுற்றி நீலம் பாரித்துப் பிறகு பச்சை, மஞ்சள் என்று மாறுவது கன்றிப்போன இரத்தம். அழுகல் இல்லை என்று தாளில் கட்டாயம் இருக்கட்டும்.

துளைத்தடத் தொற்று. இதில் இரண்டு வகை. வழக்கமானது முதல் 10 நாளுக்குள் தலைகாட்டும்: சிவப்பு பரவும், சுடும், கெட்டியான சீழ் வரும், காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். இரண்டாவதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. தடம் நன்றாக ஆறிய பிறகு, மூன்று நான்கு வாரமோ அதற்கும் மேலோ கழித்து, அதே இடத்தில் ஒரு முடிச்சு. மெல்லக் கறுத்து உடைந்து நீர் கசியும். காய்ச்சல் இருக்காது. காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, தண்ணீரில் வாழும் கிருமிகள் இதைச் செய்கின்றன. கருவிகளைக் கிருமிநாசினியில் போதிய நேரம் ஊறவைக்காததும், ஊறவைத்த பின் சாதாரணத் தண்ணீரில் அலசியதும் காரணமாகலாம். வழக்கமான ஆன்டிபயாடிக்கில் கொஞ்சம் அடங்கி மறுபடி வரும். நோயாளியோ புதுக் கொப்புளம் என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். திசுவை எடுத்து, இந்தக் கிருமியையும் தேடும்படி கேட்டு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். மருந்து மாதக்கணக்கில் ஓடும்.

இங்கே 'தடம்' உதவுகிறது. பழைய தடத்தின் மேல் புதிதாக முடிச்சு என்றால் அறுவை செய்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும் என்பது அவருக்குப் புரியும்.

மடல் 6 (செவிலியர்)

'தடம்' வாயில் எளிதாக வருகிறது. 'தொப்புள் தடம் ஈரமா இருக்கா?' என்று போனிலேயே கேட்கலாம்.

இன்னொரு வரியையும் மாற்றுங்கள். வலது தோள் வலிக்கு 'வாயுவால் வரும் வலி' என்று போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு சோடாவும் ஓமத் தண்ணீரும் குடிப்பார்கள். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய கரியமில வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால், அதன் நரம்பு வழியாகத் தோளில் தெரியும் வலி அது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். வீட்டுக்குள் மெதுவாக நடப்பது உதவும். மூச்சுத்திணறலோ, வியர்வையோடு நெஞ்சுவலியோ வந்தால் 'கேஸ்' என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. அதே வரியில் இதுவும் வேண்டும்.

மடல் 7 (தாளைத் தொகுப்பவர்)

நன்றி. 'துளைத்தடம்' என்றே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'குழாய் போய்வந்த வழி. மேலே ஆறினாலும் உள்ளே ஆற வாரங்கள் ஆகும்' என்று ஒரு வரி விளக்கம். எடை பற்றி: '4 வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். குடம், கேன், சிலிண்டர், குழந்தை எதுவானாலும். உடல் பருத்தவர்கள், விடாத இருமல் உள்ளவர்கள் இன்னும் எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேட்கவும். இரும வேண்டியிருந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளவும்.'

கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப்போவது, மலம் வெளுப்பது, வயிறு உப்பி வலி ஏறிக்கொண்டே போவது ஆகிய நான்கையும் தடங்களோடு சேர்க்காமல் தனிக் கட்டத்தில் வைக்கிறேன். பித்தக்குழாயில் கோளாறு என்றால் தடங்கள் நான்கும் சுத்தமாகவே இருக்கும். அதைப் பார்த்து நோயாளி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

தாளின் தலைப்பில் ஒரு வயிற்றுப் படமும் 1 முதல் 4 வரை எண்ணிட்ட புள்ளிகளும் வரும். தொப்புளுக்கு எண் 1. தெற்கே பலர் சீழைச் 'சலம்' என்பதால் இரண்டு சொல்லையும் போடுகிறேன். பசைக்குப் பதில் பின் போட்டவர்களுக்கு எத்தனையாவது நாள் எடுப்பது என்பதை அச்சிடாமல், டாக்டர் கையால் எழுதக் கோடு விட்டிருக்கிறேன்.