மறு: ‘காக்னிட்டிவ் ரிசர்வ்’ – சேமிப்பா, இருப்பா, ஈடா?

> ‘அறிவுச் சேமிப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். சேமிப்பு எடுக்க எடுக்கக் குறையும், தொடாமல் விட்டால் அப்படியே கிடக்கும். நம் கலைச்சொல் பட்டியலுக்காக நாம் தமிழ்ப் பெயர் தேடும் ‘காக்னிட்டிவ் ரிசர்வ்’ என்பதோ, மூளை சேதமடைந்தாலும் நினைவும் சிந்தனையும் குலையாமல் தாங்கும் திறன்; படிப்பாலும் மூளைக்கு வேலை வைக்கும் தொழிலாலும் வளர்வது. ‘இருப்பு’ என்றாலும் அதே கிடங்கு வாடைதான்.

ஒருவரை முன்னிறுத்திப் பார்ப்போம். அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய ஆய்வு ஒன்றில் 678 கன்னியாஸ்திரிகள், இறந்த பின் தங்கள் மூளையை ஆய்வுக்குத் தர ஒப்புக்கொண்டார்கள். அவர்களுள் ‘சிஸ்டர் மேரி’ எனக் குறிக்கப்பட்டவர் 101 வயதில் இறந்தார். முதுமையிலும் நினைவுத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். மூளையைப் பரிசோதித்தபோது அல்சைமர் என்னும் மறதி நோய்க்கே உரிய புரதப் படிவுகளும் நரம்பிழை முடிச்சுகளும் மண்டிக் கிடந்தன. இவ்வளவு சேதம் இருந்தும் மறதி ஏன் வரவில்லை? அந்த ‘ஏன்’ என்பதற்குத்தான் சொல் வேண்டும்.

“அவன் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை” என்கிறோம் அல்லவா? மேரியின் மூளை தேய்மானத்துக்கு ஈடுகொடுத்தது. ஆகவே என் பரிந்துரை ‘அறிதிறன் ஈடு’. (‘அறிவீடு’ என்று ஒட்டியும் பார்த்தேன். “யார் வீடு, தாத்தா?” என்றாள் பேத்தி. கைவிட்டேன்.)

> ‘ஈடுசெய்தல்’ காம்பன்சேஷனுக்குப் போய்விட்டதே, குழப்பாதா?

நியாயமான தடைதான். ஆனால் இந்தக் கருத்தை வளர்த்த யாக்கோவ் ஸ்டெர்ன் இதில் இரண்டு வழிகளைக் காட்டுகிறார். உள்ள நரம்பு வலையமைப்பையே சிக்கனமாக, திறம்படப் பயன்படுத்துவது ஒன்று. அது பழுதானால் வேறு வலையமைப்பைத் துணைக்கு இழுப்பது இன்னொன்று. பின்னதுதான் ஈடுசெய்தல். ஈடு தாய், ஈடுசெய்தல் பிள்ளை. முகச்சாயல் இருப்பது நல்லதுதானே?

‘இருப்பு’ என்ற சொல்லையும் வீணாக்க வேண்டாம். மூளையின் பருமன், நரம்பணு எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிக்கும் ‘பிரெயின் ரிசர்வ்’ உண்மையிலேயே சரக்கு இருப்பு, குறையவும் செய்கிறது. நாற்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 5 விழுக்காடு மூளை சுருங்குகிறது. அதற்கு ‘மூளை இருப்பு’ கச்சிதம்.

> பட்டியலில் ‘ஆயுள் வரம்பு’ என்று போட்டிருக்கிறேன்.

மாற்றிவிடுங்கள். ஐயத்துக்கு இடமின்றிப் பதிவான மிக நீண்ட ஆயுளாகப் பெரும்பாலோர் ஏற்பது 1997இல் மறைந்த பிரெஞ்சுப் பெண்மணி ழான் கல்மானுடையது: 122 ஆண்டு 164 நாள். அதற்கு மேல் ஒரு சுவர் இருக்கிறதா என்பதே இன்னும் தீராத வழக்கு. ‘வரம்பு’ என்றால் தீர்ப்பை நாமே எழுதிவிடுகிறோம். ‘உச்ச ஆயுள்’ போதும்.

ஞாயிறுவரை மறுப்பு வராவிட்டால் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ‘மூப்பா, முதுமையா’ என்ற பழைய சண்டையைத் தயவுசெய்து இந்த இழையில் கிளப்பாதீர்கள்.