பாட்டில்நெக்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

குழுவினருக்கு வணக்கம்.
வீட்டு நெட்வொர்க்கை ஜிகாபிட்டுக்கு மாற்றுவது பற்றிய ஒரு கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ரவுட்டர், ஸ்விட்ச், கேபிள் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டேன், திட்டாதீர்கள். மாட்டிக்கொண்டது பாட்டில்நெக்கில், அதாவது மற்றதெல்லாம் வேகமாக இருந்தும் மொத்தத்தையும் மெதுவாக்கும் அந்த ஒற்றை இடத்தில். எல்லாமே நொடிக்கு 1000 மெகாபிட் (அதுதான் ஜிகாபிட்), டிவியின் லேன் போர்ட் (நெட் கேபிள் செருகும் துளை) மட்டும் 100. இணையத்தில் வரும் 4கே படத்துக்கு 25 மெகாபிட்டே தாராளம், ஆனால் டிஸ்க்கிலிருந்து எடுத்து வீட்டு சர்வரில் வைத்த படம் சில காட்சிகளில் 100-ஐத் தாண்டும், அங்கே நின்று நின்று ஓடும். அந்த 100-க்கு ஒரு பெயர் வேண்டும். "புட்டிக்கழுத்து" என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

-----

> நெரிசல் என்று போடலாமே

நெரிசல் ஆகாது. அது விளைவு, அக்கா கேட்பது இடத்தை. ஒற்றை டிவி யாரோடு நெரியும்?
நான் கேபிள் இழுக்கிற ஆள். உள்ளே எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. 100-க்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். முனையில் மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி சரியாக உட்காரவில்லை என்றால் லிங்க் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், நெட் ஓடிக்கொண்டுதான் இருக்கும், புது ரவுட்டர் வாங்கியவர் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருப்பார். எங்கள் ஆட்கள் "எங்கேயோ பிடிக்குது" என்பார்கள். "இடுக்கு" என்று எழுதுங்கள், போதும்.

-----

தம்பி இடுக்கு வரை வந்துவிட்டு ஏன் நின்றார்? இடுக்கண் இருக்கிறதே! இடுங்கு, இடுக்கு, இடுக்கண். துன்பத்தில் கண் இடுங்குவதால் வந்த பெயர் என்பார்கள், நான் ஏற்பதில்லை. கண் என்றால் விழி மட்டுமா, ஏழாம் வேற்றுமை உருபும் அதுதானே. ஆக, இடுங்கிய இடம். மூங்கிலின் கணுவும் இந்தக் குடும்பமே. கணுவில் உட்குழாய் அடைபட்டிருப்பதை நோக்குக. தொடர்ந்து போனால் கணவாயும் வரும்.
அப்புறம், ஜிகாபிட்டில் ஜகரம் எதற்கு? "வடவெழுத்து ஒரீஇ" என்றாரே தொல்காப்பியர். கிகாபிட் என்க.

-----

ஐயா, "உங்கள் நெட்வொர்க்கில் இடுக்கண் உள்ளது" என்று படிப்பவர் ஜோசியரைத் தேடிப் போவார்.

-----

இடுக்கண் வருங்கால் நகுக, அக்கா :)
கிகா கிரேக்கச் சொல் ஐயா, அரக்கன் என்று பொருள். வடசொல் விதி அங்கேயும் பாயுமா?

-----

எழுத்து எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி, சொல் எங்கிருந்து என்பதல்ல. பேருந்தும் முதல் நாள் யாருக்கும் புரிந்திராது. புழங்கினால் புரியும்.

-----

இரண்டு நாளாகப் பார்க்கிறேன், டெல்டாக்காரனை யாரும் கேட்கவில்லை. மடை! வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன, வயலுக்கு எவ்வளவு தண்ணீர் பாயும் என்பதை மடைதான் முடிவு செய்யும். அவர் டிவி கடைமடை வயல். எங்கள் அப்பா நடுராத்திரியில் மண்வெட்டியோடு போய் முறைத்தண்ணீர் பாய்ச்சுவார், பக்கத்து வயல்காரர் அதை மறுபடி அடைப்பார், அது தனிக் கதை.

-----

அழகான சொல்தான், ஆனால் மடையை நாமே திறந்து மூடுகிறோம், அந்த 100 யாரும் வேண்டி வைத்ததல்ல. போதாததற்கு "மடை திறந்தாற்போல்" என்ற பேச்சு வேறு இருக்கிறது. "உங்கள் டிவியில் மடை உள்ளது" என்றால் படம் பாய்ந்து வரும் என்றல்லவா நினைப்பார்கள்?

-----

வியாழன் இரவு பதினொன்றரை. இடுக்குக்கு நான்கு பேர், மடைக்கு இருவர், இடுக்கணுக்கு ஐயா. "வேக இடுக்கு" என்று போட்டு அனுப்பிவிட்டேன், முதல் இடத்தில் மட்டும் பாட்டில்நெக் என்றும் சேர்த்திருக்கிறேன். நன்றி.

-----

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்க. "வேக இடுக்கு" என்றால் வேகமான இடுக்கு என்றும் விரியும். தொகை பிழை.

-----

அக்கா, அந்த டிவியை 5 ஜிகாஹெர்ட்ஸ் (ஐயாவுக்காக: கிகாஹெர்ட்ஸ்) வைஃபையில் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கையேட்டில் இருக்கிறதா? ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் அந்த லேன் போர்ட்டைவிட அது வேகமாகவே வரும்.