கொரோனா ஊரடங்கு காலத்தில் நடந்த கேள்வி பதில்: ஏரி, அருவிப் பக்கம் நடை போகலாமா?

கேள்வி: கட்டுப்பாடுகளைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். நண்பர்கள் நாலு பேர் சின்ன ஏரி ஒன்றைச் சுற்றி, மேலே அருவி வரை நடந்துவிட்டு வரலாமா என்று யோசிக்கிறோம். முகக்கவசத்தோடு மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குமே, என்ன செய்கிறீர்கள்?

பதில்: நாங்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். எத்தனை பேர் சேரலாம் என்பதைக் கிளம்பும் அன்றே பாருங்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள். திறந்த வெளியில் தொற்று பரவுவது குறைவு. என்னைக் கேட்டால் வம்பே நடையில் இல்லை. நாலு பேரும் ஒரே காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போவதில்தான். மேட்டில் தள்ளித் தள்ளி நடங்கள். ஒற்றையடிப் பாதையில் எதிரே ஆள் வந்தால் ஓரமாக ஒதுங்கி, கவசத்தைப் போட்டுக்கொண்டால் போதும். தாடையில் தொங்கவிடுவது மட்டும் வேண்டாம், பார்க்கவே எரிச்சல்!

பதில்: அருவிச் சாரலில் கவசம் நனைந்துவிடும். ஈரமானால் மூச்சு முட்டும், பயனும் இல்லை. மாற்றுக் கவசம் ஒன்றை உறையில் போட்டு வையுங்கள். அப்புறம், தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் அடித்து வந்தால் மேலே மழை என்று அர்த்தம். படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் கரையேறிவிடுங்கள்.

கேட்டவர்: கார் வேண்டாம், சைக்கிளில் போகிறோம். ஒருத்தனுக்கு மட்டும் சைக்கிள் இல்லை, அவனை என்ன செய்வது?