பிழை வேறு, ஐயவீச்சு வேறு

அனைவருக்கும் வணக்கம்.

ஓர் அளவீட்டு விடை எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதைக் காட்டும் 'uncertainty'க்குத் தமிழில் என்ன சொல்வது என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். 'பிழை' என்ற பழைய சொல்லே போதும் என்று இக்குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2 மீட்டர் உயரத்திலிருந்து இரும்புக் குண்டை விட்டு, நிறுத்துக் கடிகாரத்தால் நேரம் பார்த்து ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க என் மாணவர்களிடம் சொன்னேன். ஒரு மாணவிக்குப் பத்து முறையில் 0.58, 0.71, 0.66 நொடி என்று அளவுகள் சிதறின. சராசரி 0.64 நொடி, அளவுகளின் சிதறலைக் காட்டும் திட்டவிலக்கம் 0.05. பத்து முறை அளந்ததால் அதைப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் சராசரிக்கான ஐயம் கிடைக்கும்; அது 0.64இல் 2.5 விழுக்காடு. வாய்பாட்டில் நேரம் இருபடியாக வருவதால் முடுக்கத்தில் அது இரட்டித்து 5 விழுக்காடாகிறது. விடை 9.8 ± 0.5 மீ/நொடி². நன்றாகச் செய்திருந்தாள். "இந்த 0.5தான் பிழை" என்றேன். "எங்கே சார் தப்பு பண்ணினேன்?" என்று முகம் வாடிக் கேட்டாள்.

தமிழில் பிழை என்றால் தவறுதானே? அவள் தவறேதும் செய்யவில்லை.

உண்மையான பிழை அப்புறம் வந்தது. மின்காந்தமும் மின்னணுக் கடிகாரமும் வைத்துச் செய்தபோது விடை திரும்பத் திரும்ப 9.64 என்றே வந்தது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் காந்தம் குண்டை 5 மில்லிநொடி பிடித்து வைத்திருந்தது. அதைக் கழித்ததும் 9.8 வந்துவிட்டது. பிழையைக் கண்டுபிடித்தால் திருத்தலாம். திருத்திய பிறகும் மிஞ்சுகிற ஐயத்துக்கு வேறு பெயர் வேண்டும். 1993இல் வெளியான பன்னாட்டு அளவீட்டு வழிகாட்டியும் இவ்விரண்டையும் பிரித்தே பேசுகிறது.

uncertaintyக்கு 'நிச்சயமின்மை' என்ற சொல் ஏன் கூடாது என்றால், 'இன்மை' ஒன்றும் இல்லாததைச் சொல்கிறது. இங்கே 0.5 என்று எண்ணும் அலகும் இருக்கின்றன. தவிர, குவாண்டம் இயற்பியலில் வரும் ஐசன்பர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாட்டோடு மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள்.

நான் முதலில் 'ஐயவரம்பு' என்று நினைத்தேன். வரம்பு என்றால் தாண்டாது என்று பொருள்படும் என ஒருவர் சுட்டிக்காட்டியது சரிதான். மேலே உள்ள 0.5 ஒரு திட்டவிலக்க அளவுதான். உண்மை மதிப்பு அதற்கு வெளியே விழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே 'ஐயவீச்சு' என்று முன்மொழிகிறேன். வலை எவ்வளவு தூரம் விழும் என்பதைத்தானே வீச்சு என்கிறோம்? புள்ளியியலிலும் (range) அலைவிலும் (amplitude) 'வீச்சு' வேறு பொருளில் ஏற்கெனவே இருக்கிறது, உண்மைதான். 'ஐய' என்று முன்னால் சேர்ந்தால் மயக்கம் வராது. 'விழுக்காட்டு ஐயவீச்சு', 'கூட்டு ஐயவீச்சு' என்று கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன.

அடுத்த வாரம் கரும்பலகையில் இதையே எழுதப்போகிறேன். மறுப்பிருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.