“படிச்சேன் மிஸ், வரமாட்டேங்குது”: பதற்றமும் மனப்பாடமும்

வியாசர்பாடி டியூஷன் டீச்சர்

பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யுளைப் பாதியில் நிறுத்தினால் உடனே “இன்னும் பத்து தடவை படி”ன்னு அனுப்பிடாதீங்க. அடுத்த சொல்லை மட்டும் எடுத்துக் கொடுங்க. மிச்சம் கடகடன்னு வந்துட்டா பாடம் உள்ளே இருக்கு, வெளியே எடுக்கிற இடத்துலதான் அடைப்பு. எடுத்துக் கொடுத்தும் அசையலைன்னா படிக்கும்போதே பதியலை. ரெண்டுக்கும் பதற்றம் காரணமா இருக்கலாம், ஆனா வைத்தியம் வேற வேற.

ஏன் பதியலை? புதுச் சொற்களை மனசுக்குள்ள ஒரு குரல்ல திருப்பிச் சொல்லித்தான் பிடிச்சு வைக்கிறோம். 1974-ல் உளவியலாளர்கள் பேட்லியும் ஹிட்ச்சும் விளக்கிய செயல்நினைவில் (கொஞ்ச நேரம் மனசுல பிடிச்சு வெச்சு வேலை செய்யுற நினைவு) இதுவும் ஒரு பகுதி. “ஃபெயிலானா அப்பா என்ன சொல்வாரு” என்கிற கவலையும் அதே குரல்லதான் ஓடி, பாடத்துக்கு இடம் விடாம பண்ணுது. அதனால வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க. குறள்னா முதல் அடியின் நாலு சீரை மட்டும் முதல்ல. அது நின்ன பிறகு அடுத்த மூணு சீர்.

ராயபுரம், பள்ளி உளவியலாளர்

டீச்சர் பிரித்த அதே இரண்டைத்தான் சோதனையிலும் தேடுகிறோம். ரே சொற்பட்டியல் சோதனையில் தொடர்பில்லாத 15 சொற்களை நொடிக்கு ஒன்றாக வாசிப்போம். நினைவில் நின்றதை எந்த வரிசையிலும் சொல்லலாம். இப்படி 5 சுற்று. பிறகு வேறு 15 சொற்களை வாசித்துக் கேட்போம். அடுத்து பழைய பட்டியலை மறுபடி வாசிக்காமலே சொல்லச் சொல்வோம், 20 முதல் 30 நிமிடம் கழித்து இன்னொரு முறை. கடைசியாக “இந்தச் சொல் அதில் இருந்ததா?” என்று கேட்போம். பதற்றமான பிள்ளை பெரும்பாலும் முதல் சுற்றில் திணறி, பிறகு ஏறிவிடும். தானாகச் சொல்ல முடியாத சொல்லைக் கேட்டால் சரியாக அடையாளம் காட்டும். ஐந்து சுற்றிலும் ஏறவே இல்லை என்றால் பழியைப் பதற்றத்தின் மேல் போடாதீர்கள். காது, தூக்கம், கற்றல் குறைபாடு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் 10 சொல் வைத்து விளையாட்டாகச் செய்யலாம், தீர்ப்பு எழுதக் கூடாது. பலரும் கோட்டை விடுவது சொல் தேர்வில். காசிமேட்டுப் பிள்ளையிடம் வலை, ஐஸ், படகு என்று சொன்னால் மூன்றும் ஒரே கொத்தாக ஒட்டிக்கொள்ளும்.

மார்க் குறையவில்லை என்பதால் பதற்றம் இல்லை என்றும் ஆகிவிடாது. கூடுதல் உழைப்பைப் போட்டு மதிப்பெண்ணைக் காப்பாற்றிவிடுவார்கள் என்று ஐசெங்க், கால்வோ இருவரும் 1992-லேயே எழுதினார்கள். அரை மணி நேரப் பாடத்துக்கு ரெண்டு மணி நேரம் உட்காருகிற பிள்ளையைக் கவனியுங்கள்.

கொருக்குப்பேட்டை மாலை வகுப்பு

அடைப்புக்கு நாங்க நம்புறது புத்தகத்தை மூடிட்டு எழுதுறதைத்தான். ரோடிகர், கார்பிக்கி 2006-ல் செஞ்ச ஆய்வுல, 5 நிமிஷம் கழிச்சுக் கேட்டப்போ திரும்பத் திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவங்க முன்னாடி. அந்த 5 நிமிஷ ஜெயிப்பை நம்பித்தான் பிள்ளைங்க ஏமாறுது.

ரெண்டு அடியை ரெண்டு தடவை வாசிச்சு, மூடி, எழுதணும். விட்டுப்போன சொல்லை மட்டும் சிவப்புல எழுதணும். மறுநாளும் புத்தகம் பார்க்காம எழுதணும், அப்புறம் மூணு நாள் கழிச்சு, ஒரு வாரம் கழிச்சு. நல்லா வந்ததும் ரெண்டு பேர் முன்னாடி நின்னு, கடிகாரம் வெச்சு ஒப்பிக்கணும். பதற்றத்தோட எடுத்துப் பழகுறதும் பயிற்சிதான்.

முக்கியமான கோளாறு ஒண்ணு: எப்பவும் முதல் வரியிலிருந்தே தொடங்குறது. நடுவுல ஒரு சொல் போச்சுன்னா பின்னாடி இருக்கிற மொத்தமும் போயிடும். மூணாவது அடியிலிருந்தும் ஐந்தாவது அடியிலிருந்தும் தொடங்கச் சொல்லிப் பழக்குங்க. ஒப்பிக்கும்போது குறுக்கே திருத்தாதீங்க, முடிச்ச பிறகு சொல்லுங்க.

பரீட்சை அன்னைக்கு எழுத அனுமதிச்சதும் மனப்பாடப் பாடலை முதல்ல எழுதிடச் சொல்வேன்.

ராயபுரம், பள்ளி உளவியலாளர்

கடைசி வரியில் உங்களோடு உடன்பாடில்லை, சார். அதிகம் பதறுகிற பிள்ளைக்கு ஆரம்ப நிமிடங்கள்தான் மோசம். ஒரு மதிப்பெண் கேள்விகளை முடித்துக் கை ஓடத் தொடங்கிய பிறகு பாடலுக்கு வரட்டும்.

பள்ளி வாசலில் “அது படிச்சியா, இது படிச்சியா” என்று கேட்பதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. பயம் தொட்டு 20, 30 நிமிடம் கழித்துத்தான் கார்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் உச்சத்துக்குப் போகும். நினைவிலிருந்து சொல் எடுப்பதை அது தடுக்கும். 9:45-க்கு மிரட்டினால் 10 மணிக்குக் கேள்வித்தாள் வாங்கி, எழுதத் தொடங்கும் நேரத்தில் பலன் தெரியும். அதற்குப் பதிலாக ஒரு பழைய தாளில் தன் பயத்தை 10 நிமிடம் எழுதட்டும். ரமிரெஸ், பைலாக் 2011-ல் பார்த்தபோது, தேர்வுப் பயம் அதிகமுள்ள மாணவர்களுக்குத்தான் இது அதிகம் உதவியது. ஹாலுக்குள் போகும் முன் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும், பிட் என்று பிடித்துவிடுவார்கள்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, காலையில் வாந்தி, பள்ளிக்கே போக மறுக்கிறது என்றால் நினைவுப் பயிற்சியை ஓரமாக வையுங்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.