ஆயில் கூலருக்குத் தமிழ்: குளிர்விப்பியா, சூடாற்றியா?

வணக்கம் எல்லாருக்கும்.

> படகு எஞ்சின் பராமரிப்புக் கையேட்டுல 'எண்ணெய்க் குளிர்விப்பி பொருத்தலாமா' னு ஒரு பக்கம் வருது. படிக்கப்போறது விசைப்படகு வச்சிருக்கவங்க. இந்தச் சொல்லே போதுமா, வேற நல்லதா இருந்தா சொல்லுங்க.

தம்பி, சொல்லு இலக்கணப்படி சரியாத்தான் இருக்கு, குளிர்வி, குளிர்விப்பி, ஒரு தப்பும் இல்ல. ஆனா 'குளிர்' னு வந்ததும் படிக்கிறவருக்கு என்ன தோணும்னா, ஆயில் எவ்வளவு குளிர்ந்தா எஞ்சினுக்கு அவ்வளவு நல்லதுன்னு தோணும். அங்கதான் சிக்கல். நீங்க எழுதுற பக்கமே 'போடணுமா வேண்டாமா' ங்குற முடிவைப் பத்தினது, தலைப்புலயே 'குளிர்' னு சொல்லிட்டா பாதி முடிவை நாமளே சொல்லிட்ட மாதிரி ஆயிடுது.

விஷயம் என்னன்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இது தெரியாம சொல்லைப் பத்திப் பேசிப் பிரயோஜனம் இல்ல. நம்ம கடற்கரைல விசைப்படகுகள்ல நிறைய ஓடுறது லாரி எஞ்சின் வகைதான், கடலுக்குத் தக்கபடி மாத்திப் போட்டது. லாரில ஓடும்போது அடியில இருக்க சம்ப்புல (ஆயில் தேங்குற தொட்டி) காத்து அடிச்சிட்டே இருக்கும், மேட்டுல ஏறுனா இறக்கத்துல கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். படகுல அது எதுவும் கிடையாது. மூடின எஞ்சின் அறை, சம்ப்புக்குக் காத்தே கிடையாது, இழுவைமடியைப் போட்டுட்டு 2, 3 நாட் வேகத்துல மணிக்கணக்குல இழுத்தா எஞ்சின் மேல முழு பாரமும் அப்படியே நிக்கும். அதனால ஆயில் சூடாகுறது இயல்பு. அதுக்காக உடனே கூலர் வாங்கணும்னு அர்த்தம் இல்ல.

வழக்கமா ஊத்துற 15டபிள்யூ-40 ரக எஞ்சின் ஆயிலை எடுத்துக்குவோம். 40 டிகிரில அதோட பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, ஏறக்குறைய 110 சென்டிஸ்டோக்ஸ் (அதை அளக்குற அலகு), 100 டிகிரில 14, 15. 120 டிகிரி தொட்டா 10-க்குக் கீழ போயிடும், அப்ப பேரிங்குல நிக்கிற படலம் மெலிஞ்சு ஆயில் பிரஷர் முள்ளு இறங்க ஆரம்பிக்கும். அதோட 10 டிகிரி ஏறுனா ஆயில் கெட்டுப்போற வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்னு பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்க. இது ஒரு பக்கம். மறுபக்கத்தை யாரும் சொல்றதில்ல: ஆயில் 80 டிகிரியை எட்டாம ஓடிட்டே இருந்தா உள்ள சேர்ற நீராவியும் எரியாத டீசலும் வெளியேறாது, ஆயில்லயே தங்கி, களி மாதிரி கசடு கட்டும். நம்ம கடல்தண்ணி பெரும்பாலும் 28லேர்ந்து 31 டிகிரி வரைக்கும் இருக்கும், அதை நேரா ஆயில் கூலருக்குள்ள விட்டு, நடுவுல ஆயில் தெர்மோஸ்டாட்டும் (ஆயில் சூடாகுற வரைக்கும் அதைக் கூலருக்குள்ள விடாத வால்வு) வைக்காம விட்டா, மெதுவா ஓடுற நேரம் எல்லாம் ஆயில் தேவைக்கு மேல ஆறிப்போயிடும். 'குளிர்விப்பி' ங்குற பேரு இந்தப் பக்கத்தை மறைச்சிடுதுங்குறதுதான் என் வாதம்.

அப்ப போடணுமா வேண்டாமா? முதல்ல அளந்து பாக்கச் சொல்லுங்க தம்பி. டேஷ்போர்டுல இருக்க தண்ணி டெம்பரேச்சர் முள்ளை வச்சு ஆயில் சூட்டைச் சொல்ல முடியாது. சம்ப்புக்குள்ள ஒரு சென்சார் போட்டு, மடி இழுக்கும்போது, ஆயில் சூடு ஏறி ஒரு நிலைல நின்ன பிறகு பாக்கணும். 90லேர்ந்து 110 வரைக்கும் நின்னா எதையும் தொட வேண்டாம். 110லேர்ந்து 120 வரைக்கும் போனா காரணத்தைத் தேடணும். காரணம் பெரும்பாலும் வேற எங்கயாவதுதான் இருக்கும்: கடல்தண்ணி பம்போட இம்பெல்லர் இறக்கை ஒடிஞ்சிருக்கும், வடிகட்டில பிளாஸ்டிக் பை அடைச்சிருக்கும், ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்ல உப்புக் கட்டியிருக்கும், இல்லன்னா புரொப்பல்லர் பெருசு. இந்தக் கடைசி ஒண்ணைக் கையேட்டுல கொட்டை எழுத்துல போடுங்க. எஞ்சின் நிமிஷத்துக்கு 2200 சுத்து சுத்தணும்னு கம்பெனி சொல்லியிருக்கும், மடியோட முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலும் 1900-ஐத் தாண்டலன்னா, கரும்புகையும் விட்டான்னா, புரொப்பல்லர் அந்த எஞ்சினுக்கு அதிகம்னு அர்த்தம். அதுல கூலரைக் கொண்டுபோய் மாட்டுறது காய்ச்சலுக்கு ஈரத்துணியை மட்டும் போட்டுட்டு மருந்து கொடுக்காம விடுற மாதிரி. புரொப்பல்லர் கேக்குற பவர் சுத்தோட மூணாம் அடுக்குக்கு (கியூப்) ஏறுறதால, 10 சதவீதம் சுத்தைக் குறைச்சாலே ஏறக்குறைய 27 சதவீதம் பாரம் குறையும், கைக்காசு செலவில்லாம சோதிச்சுப் பாக்க இதைவிட நல்ல வழி கிடையாது (மடி போடாம ஓடும்போது சொல்ற கணக்கு இது, மடியோட கொஞ்சம் மாறும்).

இதெல்லாம் சரியா இருந்தும் 120-ஐத் தாண்டுதா, டர்போ (காத்தை அமுக்கி உள்ள தள்ளுறது) வச்ச எஞ்சினா, பிஸ்டன் அடியில ஆயில் பீச்சுற வகையா, அப்ப போட்டே ஆகணும். டர்போ எஞ்சின்ல பெரும்பாலும் கம்பெனியே வச்சிருப்பான், பழைய எஞ்சினைப் பிரிச்சுப் போடும்போதுதான் சில பேர் கழட்டி வச்சிடுறாங்க.

போட்டா என்ன ஆபத்துன்னும் எழுதுங்க. குழாய் ஓட்டை விழுந்தா, ஓடும்போது ஆயில் 3, 4 பார் பிரஷர்ல இருக்கும், கடல்தண்ணி அதுல பாதி கூட இருக்காது, அதனால ஆயில் கடலுக்குப் போகும். எஞ்சினை நிறுத்தினா கதை திரும்பிடும், கூலர் நீர்மட்டத்துக்குக் கீழ இருந்து வால்வையும் திறந்தே விட்டிருந்தா உப்புத்தண்ணி ஆயிலுக்குள்ள வரும், காலைல டிப்ஸ்டிக்கை உருவிப் பாத்தா பால் கலந்த மாதிரி இருக்கும். அதுக்கு மேல, வெளிய ஓடுற ஆயில் ஹோஸ் ஒண்ணு வெடிச்சாலும் கொஞ்ச நேரத்துல சம்ப் காலி, எஞ்சின் பிடிச்சுக்கும், அதுவும் நடுக்கடல்ல. அதனால என்னைக் கேட்டா கடல்தண்ணி கூலரை விட, எஞ்சினுக்குள்ள சுத்துற நன்னீர்ல நனையுற தட்டு வகைக் கூலர்தான் நல்லது. அந்தத் தண்ணியே 80, 85 டிகிரில இருக்கும், ஆயில் அதுக்குக் கீழ போகவே முடியாது. காலைல ஸ்டார்ட் பண்ணும்போது, தண்ணி ஆயிலை விட முன்னாடியே சூடாகுறதால, இது ஆயிலைச் சூடுபடுத்தவும் செய்யும்!

இப்ப சொல்லுக்கு வரேன். சமையல்ல நாம பாலையும் டீயையும் ஆத்துறோம், சோத்தை ஆற வைக்கிறோம். யாரும் குளிர வைக்கிறதில்ல. ஆத்துறதுன்னா அதிகமான சூட்டைக் குடிக்கிற பதத்துக்கு இறக்குறது. கூலர் செய்யுறதும் அதேதான், 125-ஐ 100-க்கு இறக்குறது. அதனால நான் முன்வைக்கிறது 'எண்ணெய்ச் சூடாற்றி'. பேச்சுல 'ஆயில் சூடாற்றி' ன்னாலும் இடிக்காது.

> 'ஆற்றி' ன்னா பணியாற்றி, உரையாற்றி எல்லாம் வந்து நிக்குமே. 'எண்ணெயாற்றி' ன்னு சேத்து எழுதினா 'எண்ணெய் மாற்றி' ன்னு படிச்சுட்டு ஆயில் மாத்துற ஆளைத் தேடுவாங்க.

அக்கா சொன்னது சரிதான், அதனாலதான் முன்னாடி 'சூடு' ஒட்டியிருக்கு. 'சூடாற்றி' ன்னா பணியாற்றியோட குழம்ப வாய்ப்பில்ல. மின்மாற்றி நிலைச்சிட்ட மாதிரி இதுவும் -இ விகுதிலயே முடியுது. 'குளிர்விப்பான்' வேண்டாம், பம்பு, கூலர் எல்லாத்துக்கும் 'ஆன்' போட்டு ஆம்பளையாக்குற பழக்கம் எனக்குப் பிடிக்கல.

> ஸ்டார்ட் பண்ணும்போது சூடும் ஏத்தும்னு நீங்களே சொல்றீங்களே. அப்ப 'எண்ணெய் வெப்பப் பரிமாற்றி' தானே பொருத்தம்?

ஐயா, இயற்பியல்படி உங்க பக்கம்தான் நியாயம். ஆனா அதே படகுல பெரிய ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒண்ணு ஏற்கெனவே உக்காந்திருக்கு, அதுக்குத்தான் நாம எல்லாரும் வெப்பப் பரிமாற்றின்னு எழுதுறோம். ரெண்டுக்கும் அதே பேரை வச்சா மீன்பிடித் தடைக்காலத்துல பார்ட்ஸ் பட்டியல் எழுதுறவர் தப்பான சாமானை ஆர்டர் போட்டுருவார், ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் இருக்க அந்த 61 நாள்லதான் இங்க எஞ்சின் வேலை எல்லாம் நடக்குது. ஸ்டார்ட் பண்ற கொஞ்ச நேரம் சூடேத்துறது அந்தத் தட்டு வகையோட கூடுதல் குணம், அதை விளக்கத்துல ஒரு வரியா எழுதினா போதும், பேருல ஏத்த வேண்டாம்.

இன்னொரு லாபம் இருக்கு. 'சூடாற்றி' யை வச்சா குடும்பமே கிடைக்குது. டர்போல அமுக்கின காத்தோட சூட்டை இறக்குறதுக்கு 'காற்றுச் சூடாற்றி', கியர்பாக்ஸ் ஆயிலுக்கு 'கியர் எண்ணெய்ச் சூடாற்றி'. ஏசிக்குக் குளிரூட்டின்னு ஏற்கெனவே பழகிட்டாங்க, அது அப்படியே இருக்கட்டும், அங்க உண்மையாவே குளிர்தான் வேணும்.

'எண்ணெய்' க்கு முன்னாடி மசகா உயவாங்குறதுல நான் தலையிடல, ரெண்டும் புத்தகத்துல இருக்கு. படகுக்காரங்க கையேட்டுல ஒரு தடவை அடைப்புக்குறில 'எஞ்சின் ஆயில்' னு போட்டுட்டு அப்புறம் சும்மா எண்ணெய்னே எழுதுங்க. தலைப்பையும் 'எண்ணெய்ச் சூடாற்றி: எப்போது தேவை?' னு மாத்திப் பாருங்க தம்பி. 'எப்போது' ன்னு இருந்தா அளக்குற பக்கத்தை முதல்ல வைக்கத் தோணும்.

கூலர் அரிக்காம இருக்க, அதுக்குப் பதிலா தானே அரிச்சுப் போறதுக்காக உள்ள திருகுற அந்த ஜிங்க் குச்சிக்கும் ஒரு பேரு வேணும், 'தன்னழிவு மின்முனை' ன்னு யாரோ எழுதியிருந்தாங்க, எனக்கு 'அரிகுச்சி' போதும்னு படுது. அதைத் தனி இழையா போடுங்க, இதுலயே தொடர்ந்தா ரெண்டும் கலந்துடும்.